வேங்கை மரத்தில் செய்த கல்யாண மோதிரம் கறுத்துப்போய் கீறல் விடுகிறது, காப்பாற்ற வழி உண்டா?

காவேரிப்பட்டினம்காரன்

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்தத் தை மாதம் கல்யாணம் ஆனது. பாலக்கோடு பக்கம் இருந்த தாத்தா வீட்டை இடித்தபோது, வாசக்கால் மட்டும் நல்ல வைரம் பாய்ந்த வேங்கை என்று அப்பா அதைக் கழற்றி மாட்டுக்கொட்டகையில் சாய்த்து வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு துண்டு அறுத்து, தெரிந்த ஒரு கடைசல்காரரிடம் கொடுத்து எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு மோதிரம் செய்துகொண்டோம். தங்க மோதிரமும் போட்டார்கள், அது பீரோவில் தூங்குகிறது. விரலில் கிடப்பது இதுதான்.

தாலி கட்டி முடிந்ததும் குடத்தில் மோதிரத்தைப் போட்டு எடுக்கச் சொல்வார்கள் அல்லவா, அதில் என் மச்சான் விளையாட்டுக்கு இந்த மர மோதிரத்தைப் போட்டுவிட்டான். நாங்கள் இரண்டு பேரும் முழங்கை வரை உள்ளே விட்டு அடியில் துழாவிக்கொண்டிருக்கிறோம், அது பாட்டுக்கு மஞ்சள் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, மண்டபமே சிரித்தது. ஆக முதல் நாளே தண்ணீர் குடித்த மோதிரம்.

இப்போது விஷயம். நான் ஓசூரில் சிஎன்சி பட்டறையில், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் கடைகிற மெஷினில், வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை இரவு ஊருக்கு வந்து திங்கள் காலை திரும்புவேன். மூன்று மாதத்தில் மோதிரத்தின் உள்பக்கம் அங்கங்கே மை தெளித்தது போலக் கறுப்புப் புள்ளிகள் வந்தன. வெளியே பளபளப்பு இருந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கை நனைந்தால் விரலைச் சுற்றிப் பழுப்பாகச் சாயம் ஏறுகிறது. போதாததற்கு, ஆடிப் பதினெட்டுக் கூட்டம் குறைந்த பிறகு ஒகேனக்கல் போனோம், எண்ணெய் தேய்க்கிறவர் கழற்றச் சொல்லியும் கழற்றவில்லை, அப்படியே குளியலும் போட்டுவிட்டு, ஈரம் காயட்டும் என்று காரின் டேஷ்போர்டில் வைத்தேன். பென்னாகரம் வந்து எடுத்துப் பார்த்தால் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். நகத்தால் தடவினால் தெரிகிறது.

மனைவியுடையது அதே துண்டில் செய்ததுதான், புதுசு போல இருக்கிறது. "மரமும் ஆளைப் பார்த்துத்தான் இருக்கும்" என்கிறாள். ஏதாவது செய்ய முடியுமா?

பாகலூர்_ரோடு

நண்பா, தங்கம் விற்கிற விலைக்கு நீங்கள் செய்ததுதான் புத்திசாலித்தனம். ஆனால் வாசக்காலை வாசலில் வைக்க வேண்டும், விரலில் மாட்டினால் அது கோபித்துக்கொள்ளாதா. சரி, தெரிந்தவர்கள் யாராவது வந்து சொல்வார்கள், நான் படிக்க உட்கார்ந்திருக்கிறேன்.

தேன்கனிக்கோட்டை செல்வம்

கறுப்புப் புள்ளி என்றால் பூஞ்சைதான், சந்தேகமே வேண்டாம். வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காய வைத்துவிட்டு, ராத்திரி தேங்காய் எண்ணெயில் ஊறப்போடுங்கள். எங்கள் வீட்டு மரக் கரண்டிக்கு அம்மா அதைத்தான் செய்வார்.

ராயக்கோட்டை ஆசாரி

செல்வம் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், வெயிலும் வேண்டாம், எண்ணெயில் ஊறலும் வேண்டாம். வெயில்தான் இந்த மோதிரத்தைக் கீறியதே.

முதலில் அந்தக் கறுப்பு. பூஞ்சையாக இருந்தால் துடைத்தால் கொஞ்சமாவது கையோடு வரும், ஈர வாடை அடிக்கும். இவர் சொல்வதைப் பார்த்தால் அது இரும்புக் கறை. வேங்கையில் துவர்ப்பு அதிகம். துவர்ப்புள்ள மரமும் இரும்பும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்தால் கறுக்கும். பழைய வாசக்காலில் ஆணி அடித்த ஓட்டையைச் சுற்றிப் பாருங்கள், அதே கறுப்பு இருக்கும். இவர் நாள் முழுக்க மெஷினில் சூடு தணிக்க ஊற்றுகிற கூலண்ட் தண்ணீரிலும் இரும்புத்தூளிலும் கை வைக்கிறார், மோதிரத்துக்கும் விரலுக்கும் நடுவில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. வேறென்ன ஆகும்?

விரலில் ஏறும் சாயம் நோய் இல்லை, பயப்பட வேண்டாம். சர்க்கரைக்காரர்கள் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிக்கிறார்களே வேங்கை டம்ளர், அதில் தண்ணீர் பழுப்பாகி வெளிச்சத்தில் நீலமாக மின்னும், பார்த்திருப்பீர்கள். அதே சரக்குதான். வேங்கைப் பாலைக் கொட்டாங்குச்சியில் உறைய வைத்துக் குழந்தைக்குப் பொட்டு வைப்பதும் இந்த மரம்தான். சாயம் விடுவது அதன் குணம், தண்ணீர் படவிடாமல் பார்த்துக்கொண்டால் குறையும்.

கீறல் கதை வேறு. மரம் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அதுவும் ரேகையின், அதாவது மரத்தின் நார் ஓடும் திசையின், குறுக்கேதான் அப்படி. நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையவே அசையாது. பலகையில் வட்டமாக வெட்டி நடுவில் துளை போட்டால், மோதிரத்தில் இரண்டு இடத்தில் ரேகை வட்டத்தோடு ஓடும், அது பலமான இடம். எதிரெதிரே இன்னும் இரண்டு இடத்தில் ரேகை வட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நிற்கும். விரிசல் விட்டால் அங்கேதான் விடும். முறத்துக்கு விளிம்பு கட்டுகிறவர்கள் மூங்கில் பட்டையை வளைத்துக் கட்டுகிறார்கள் அல்லவா, அதில் நார் முழுச்சுற்றும் கூடவே ஓடுவதால் உடைவதில்லை. மர மோதிரத்தையும் அப்படிச் செய்யலாம், மெல்லிய பட்டையாகச் சீவி வெந்நீரில் ஊறவைத்து, குழாயில் சுற்றிச் சுற்றி ஒட்டுவது. வேலை அதிகம், ஆனால் அதுதான் நிற்கும்.

ஒரு கேள்வி கேட்கிறேன், அதற்குப் பதில் தெரியாமல் வைத்தியம் சொல்ல மாட்டேன். அந்தக் கடைசல்காரர் மேலே என்ன பூசினார்? அரக்குப் பாலிஷா, பெவிக்விக்கா, வெறும் மெழுகா? உள்பக்கமும் பூசினாரா?

சிப்காட்_மெயின்டனன்ஸ்

ஆசாரி அண்ணா மரத்தைப் பற்றிச் சொல்லட்டும், நான் விரலைப் பற்றிச் சொல்கிறேன். சிஎன்சியில் வேலை பார்க்கிறவர் மோதிரத்தோடு உள்ளே போவதே தப்பு. சுழல்கிற இடத்தில் மோதிரம் மாட்டினால் விரலோடுதான் வரும். மரம்தானே, உடைந்துவிடும் என்று நினைத்துப் போடாதீர்கள், உடைவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கரண்டு கடத்தாது என்றும் சிலர் சொல்வார்கள், வியர்வையில் ஊறிய மரத்தை நம்பி நான் பேனலில் கை வைக்க மாட்டேன். லாக்கரில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், உங்கள் கறுப்புப் புள்ளிக்கும் அதுதான் மருந்து.

அரூர் டீச்சர்

நான் கொட்டாங்குச்சி மோதிரம் ஆறு வருடமாகப் போட்டிருக்கிறேன். கல்யாண மோதிரம் இல்லை, திருவிழாவில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கியது. ஆனால் கல்யாண மோதிரத்தை விட அதிகமாகக் கவனித்துக்கொள்கிறேன் என்று வீட்டில் கிண்டல். நான் செய்வது ரொம்பச் சாதாரணம்: பாத்திரம் கழுவும்போது, மாவு பிசையும்போது, குளிக்கும்போது, தூங்கும்போது விரலில் இருக்காது. சமையலறை ஜன்னலில் இதற்கென்றே ஒரு பழைய குங்குமச்சிமிழ் வைத்திருக்கிறேன். பள்ளியில் சானிடைசர் போடும் முன் மறக்காமல் கழற்றுவேன், கொரோனா காலத்தில் ஒரே மாதத்தில் பளபளப்பு முழுக்கப் போய்ப் பிசுபிசு என்று ஆகிவிட்டது, அப்போதுதான் புத்தி வந்தது.

தம்பி, உங்கள் மனைவியுடையது ஏன் நன்றாக இருக்கிறது என்று அவரிடமே கேட்டீர்களா? கழற்றி வைக்கிறாரா பாருங்கள்.

காவேரிப்பட்டினம்காரன்

எல்லோருக்கும் நன்றி. கடைசல்காரருக்குப் போன் போட்டேன். வெளியே பெவிக்விக் மூன்று கோட் கொடுத்துப் பாலிஷ் போட்டாராம், உள்ளே ஒன்றும் பூசவில்லை, "தோலில் படுகிற இடம், எதற்குக் கெமிக்கல்" என்று விட்டுவிட்டாராம். அவர் நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறார்.

டீச்சர் அக்கா, கேட்டேன். காலையில் எழுந்ததும் கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, வேலையெல்லாம் முடிந்து கடைக்கோ கோவிலுக்கோ போகும்போதுதான் போடுகிறாளாம். ஏழு மாதமாக வாராவாரம் வீட்டுக்கு வந்தும் நான் கவனிக்கவில்லை. நான் குளிக்கும்போதும் கழற்றியதில்லை, கழற்றினால் அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

சிப்காட் அண்ணா சொன்னது சரி. எங்கள் சூப்பர்வைசரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், மரம்தானே என்று நான்தான் சமாளித்தேன்.

ராயக்கோட்டை ஆசாரி

இப்போது புரிந்தது. வெளியே கண்ணாடி மாதிரி அடைத்தாகிவிட்டது, உள்ளே கதவு திறந்தே கிடக்கிறது. ஈரம் உள்பக்கமாகப் போய் வெளிப்பூச்சின் அடியில் தங்கி அதைத் தூக்குகிறது, அதுதான் நீங்கள் பார்த்த வெள்ளைப் பூ. டீச்சரம்மா சொன்ன பிசுபிசுப்பு அரக்குப் பாலிஷாக இருக்கும், அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்தான், சானிடைசரில் இருப்பதும் அதன் பங்காளிதானே. உங்கள் பெவிக்விக் பூச்சுக்குப் பகை அசிட்டோன், நெயில்பாலிஷ் ரிமூவர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. அவசரப்படாமல் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்பூச்சை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து முழுக்க எடுத்துவிடுங்கள், பிறகு 600, 800 என்று போங்கள். உள்பக்கத்தை லேசாகத்தான் தேய்க்க வேண்டும், அதிகம் தேய்த்தால் மோதிரம் லூசாகிவிடும், தங்கம் போல இதை அடித்துச் சின்னதாக்க முடியாது. கறுப்புக்கு எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் பத்து நிமிடம் வைத்து, ஈரத்துணியால் துடைத்து நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். பாதியாவது போகும், சுற்றிக் கொஞ்சம் வெளுக்கும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். ஆக்சாலிக் ஆசிட் இன்னும் நன்றாக எடுக்கும், ஆனால் அது விஷம், விரலில் போடுகிற பொருளுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கீறலை ஒட்டும் முன் ஒகேனக்கல் எண்ணெயை வெளியே எடுக்க வேண்டும், எண்ணெய் இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. பூச்சு எப்படியும் போகப்போகிறது என்பதால் இந்த ஒரு தடவை அசிட்டோன் தொட்ட துணியால் கீறலை மூன்று நான்கு முறை துடைக்கலாம். காய்ந்ததும் தண்ணீர் போல ஓடுகிற பெவிக்விக்கை ஒரு சொட்டு கீறலில் விட்டு, தேய்த்த மரத்தூளை அதன் மேல் தூவி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்குங்கள். நூல் சுற்றாதீர்கள், பருத்தியில் அந்தப் பசை பட்டால் சூடேறிப் புகையும், நான் விரலைச் சுட்டுக்கொண்டு கற்றுக்கொண்ட பாடம்.

கடைசியில் பூச்சு. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் காய்ந்து இறுகாது, பிசுக்காகி அழுக்கைத்தான் சேர்க்கும், நாளானால் வாடை வரும். மெடிக்கல் கடையில் லிக்விட் பாரஃபின் கிடைக்கும், அதில் நாலு பங்குக்குத் தேன்மெழுகு ஒரு பங்கு போட்டு, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள், அடுப்பில் நேராக வைக்காதீர்கள். ஆறினால் களிம்பு போல இருக்கும். உள்ளே வெளியே விளிம்பு என்று ஒரு இடம் விடாமல் தடவி, ராத்திரி விட்டு, காலையில் பழைய பனியன் துணியால் தேய்த்தெடுங்கள். மாதம் ஒரு முறை, பங்குனி சித்திரையில் இரண்டு முறை. லின்சீட் ஆயில் என்கிற ஆளி விதை எண்ணெயும் நல்லதுதான், அது காய்ந்து இறுகும், ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும், அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை.

பாகலூர்_ரோடு

ஆசாரி அண்ணா, உள்ளே ஒரு வெள்ளி வளையம் பத்தரிடம் செய்து மாட்டிவிட்டால்? ஈரமும் படாது, கெட்டியாகவும் இருக்கும்.

ராயக்கோட்டை ஆசாரி

செய்யலாம், இறுக்கித் தட்டி ஏற்றக்கூடாது. வெள்ளி சுருங்காது, கோடையில் மரம் சுருங்கும், சுருங்க இடமில்லாமல் பிளந்துவிடும். மயிரிழை இடைவெளி விட்டு, கொஞ்சம் நெகிழ்கிற பசையில் ஒட்ட வேண்டும். கீறல் விட்ட மோதிரத்தில் அதைச் சோதித்துப் பார்க்க நான் துணிய மாட்டேன்.

காவேரிப்பட்டினம்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அண்ணா சொன்னபடியே செய்தேன். கறுப்பு முக்கால்வாசி போய்விட்டது, ஒரு புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது. கீறல் இருந்த இடத்தில் கொஞ்சம் அடர்ந்த கோடு தெரிகிறது, தடவினால் தட்டவில்லை. பளபளப்பு போய் இப்போது பழைய வாசக்கால் போலவே மங்கலாக இருக்கிறது. அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நம்ம வீட்டுக் கட்டை மாதிரி இருக்கு" என்றார்.

வேலைக்குப் போகும்போது போடுவதில்லை. ஓசூர் அறையில் வைத்தால் தொலைத்துவிடுவேன் என்று என் மோதிரத்தையும் அவளே வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குக் கிடைக்கிறது. ஆசாரி அண்ணா, வாசக்காலில் இன்னும் மூன்றடி மிச்சம் இருக்கிறது. பட்டை சுற்றிச் செய்கிற மோதிரம் நீங்கள் செய்வீர்களா, இல்லை, யாரிடம் போக வேண்டும்?

ராயக்கோட்டை ஆசாரி

செய்வேன் தம்பி. ஆணி ஓட்டை இல்லாத பக்கமாகப் பார்த்து ஒரு அடி அறுத்துக் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு நானும் பட்டறையைப் பூட்டிவிடுவேன்.