லூல்கந்துர, பாரதெக்க பக்கம் அப்பாவ கூட்டிட்டு போகணும், தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க

வத்தளை_ஹேவாஹெட்ட:
எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் ஸ்கூல் லீவுல மூணு நாள் மலைநாட்டுக்கு போகலாம்னு இருக்கோம், நான், மனைவி, ரெண்டு பிள்ளைங்க, கூட அப்பா. அப்பாவுக்கு 74 வயசு, முழங்கால் கொஞ்சம் கஷ்டம், ஆனா மெதுவா நடப்பாரு. அவரு பொறந்தது ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தோட்டத்துல. பதினெட்டு வயசுல கொழும்புக்கு கடை வேலைக்கு வந்தவரு, அதுக்கப்பறம் கல்யாணம், சாவு வீடுன்னு ரெண்டு மூணு தடவதான் அங்கிட்டு போயிருக்காரு. பிள்ளைங்க நுவரெலியா நல்லாவே பாத்துட்டாங்க, கிரகரி வாவில போட்ல போனாங்க, ஸ்ட்ரோபெரி சாப்பிட்டாங்க, அவ்வளவுதான் அவங்களுக்கு மலையகம்.

போன மாசம் மூத்தவ ஸ்கூலுக்கு தேயிலைய பத்தி ஒரு கட்டுரை எழுதினா. இலங்கைல முதல்ல வியாபாரத்துக்கு தேயிலை போட்ட வெள்ளக்கார தொர ஜேம்ஸ் டெய்லர், 1867, லூல்கந்துர தோட்டம், பத்தொன்பது ஏக்கர், எல்லாம் சரியா எழுதியிருந்தா. அப்பா கண்ணாடி போட்டு அத முழுசா படிச்சிட்டு, "அந்த பத்தொன்பது ஏக்கர்ல காட்ட வெட்டுனது யாருன்னு எழுதலயே கண்ணு"ன்னு மட்டும் கேட்டாரு. அவளுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, எனக்கும் தெரியல, அன்னைல இருந்து அது மனசுலயே நிக்குது. அதான் இந்த தடவ நீர்வீழ்ச்சி எல்லாம் விட்டுட்டு, இதெல்லாம் எங்க ஆரம்பிச்சுதோ அந்த எடங்களுக்கு போகணும்னு நெனைக்கிறேன். லூல்கந்துரைக்கு வேன் போகுமா? நம்ம ஆளுங்க வாழ்க்கைய பாக்குற மாதிரி ஏதும் மியூசியம் இருக்கா? கண்டில தங்கிட்டு போய் வரலாமா இல்ல வேற எங்கயும் தங்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தெல்தோட்டக்காரன்:
வணக்கம் அண்ணன், நம்ம ஊர் பக்கம்தான் கேக்குறீங்க. லூல்கந்துர கண்டில இருந்து ஒரு 35 கிலோமீட்டர் வரும், ஆனா கிலோமீட்டர பாத்து நேரம் போடாதீங்க, கலஹா தெல்தோட்ட வழியா முழுக்க வளைவுதான், ரோட்டு சில எடத்துல ஒரு வேன் போற அகலம்தான் இருக்கும், அதால காலைல ஏழு மணிக்கே கெளம்பிடுங்க. பகலுக்கு மேல பனி எறங்கிச்சுன்னா மேல இருந்து ஒண்ணும் தெரியாது, டிசம்பர்ல மழையும் இருக்கும். சின்ன வேன்னா பரவால்ல, பெரிய வேன்னா தெல்தோட்டைல நிறுத்திட்டு த்ரீவீல் பிடிச்சிடுங்க, அந்த பயலுகளுக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம்.

அங்க பெருசா கட்டடம் எதிர்பாத்து போகாதீங்க. டெய்லர் இருந்த மர வீட்ல மிச்சம் இருக்கிறது அடுப்புப் புகைக்கூண்டு மட்டுந்தான். அப்பறம் ஒரு கிணறு, மேல அவரு உக்காந்து மலைய பாத்துக்கிட்டு இருப்பாருன்னு சொல்ற கருங்கல் இருக்கை. ஆனா ஏழாம் நம்பர் மலை இருக்கு பாருங்க, அதுதான் அந்த பத்தொன்பது ஏக்கர், அதுல போய் நின்னா உடம்பு ஒரு மாதிரி ஆகும். மகளுக்கு ஒண்ணு சொல்லுங்க, முதல்ல அங்க பெக்டரியே கெடையாது, டெய்லரோட பங்களா வெராண்டாவுல மேசைய போட்டு கொழுந்த கையாலயே உருட்டி, களிமண் அடுப்புல கரி போட்டு அதுக்கு மேல காய வச்சுதான் தூள் எடுத்தாங்க. அந்த கை யாரோட கைன்னு அவகிட்ட கேட்டுப் பாருங்க, அப்பா கேட்டதுக்கு பாதி பதில் அதுலயே கெடச்சிடும்.

அட்டை இருக்கும், உப்பும் எலுமிச்சையும் கொண்டு போங்க, பிள்ளைங்களுக்கு நீட்டு சொக்ஸ் போட்டு விடுங்க. அப்பாவுக்கு இருக்கை வரைக்கும் ஏறுறது கஷ்டம்னா கீழ மலையோரத்துலயே உக்காரட்டும்.

இன்னொண்ணு. ஹேவாஹெட்ட பக்கம்னு சொன்னீங்க, அப்ப அப்பாவுக்கு முல்லோயா கோவிந்தன் பேர் கட்டாயம் தெரிஞ்சிருக்கும். 1940 ஜனவரி 10ஆம் திகதி, முல்லோயா தோட்டத்துல சம்பளம் கூட்டி கேட்டு வேலை நிறுத்தம் நடந்தப்ப பொலிஸ் சுட்டு செத்தவரு. அதுவும் இந்த மலைகள்லதான். டெய்லருக்கு போற அதே பயணத்துல கோவிந்தனயும் நெனச்சிட்டு வாங்க அண்ணன், ரெண்டு பேரையும் சேத்துதான் எங்க பக்கத்து கத.

கம்பளை_கலா:
நீங்க கேட்ட மியூசியம் இருக்கு. கம்பளைக்கு கிட்ட பாரதெக்கன்னு ஒரு எடம், அங்க ஓல்ட் பீகொக் தோட்டத்துல ஒரு பழைய லயத்தயே, அதாவது தொழிலாளருங்க இருந்த வரிசை வீட்டயே, தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமா மாத்தி 2007ல திறந்தாங்க. நான் எங்க அம்மாவ கூட்டிட்டு போனேன். உள்ள போனதும் அம்மா அம்மிய தடவிக்கிட்டே நின்னுட்டாங்க, அப்பறம் ஒவ்வொரு சாமானா காட்டி இது எதுக்கு, அது எதுக்குன்னு அவங்களே சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க, நான் நாப்பது வருசமா கேக்காத கதையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துல கேட்டேன். பத்துக்கு பன்னெண்டு அடி காம்பரா, அதுல அப்பா அம்மா ஆறு பிள்ளைங்க, மழைநாள்ல ஆடும் உள்ளுக்குதான். பிள்ளைங்கள அந்த காம்பராவுக்குள்ள நிக்க வச்சு கைய விரிச்சு பாக்க சொல்லுங்க.

தப்பு மேளம், பழைய நகை, பழைய கடுதாசி எல்லாம் வச்சிருக்காங்க. போறதுக்கு முன்னாடி தகரத் துண்ட பத்தியும் பிள்ளைங்களுக்கு சொல்லி வைங்க. 1901ல இருந்து இந்தியாவுல இருந்து வந்தவங்களுக்கு எந்த தோட்டத்துக்கு போறாங்கன்னு அடையாளம் வெட்டின ஒரு தகரத்த குடுப்பாங்க, கழுத்துல கட்டிக்கிட்டு வரணும். அதெல்லாம் தெரிஞ்சு போனா அந்த காம்பரா வேற மாதிரி தெரியும். முக்கியமா, போறதுக்கு மொதல் நாள் விசாரிச்சிட்டு போங்க, பூட்டி இருந்தா சாவி வச்சிருக்கிறவங்கள தேடணும், அப்பாவோட அலைய முடியாது.

இப்ப ஒரு விசயம் மனசு விட்டு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு மட்டும் சொல்லல. மியூசியத்துல இருக்கிற லயம் பாக்கத்தான், ஆனா வழியில தெரியிற லயம் எல்லாம் ஆளுங்க வாழ்ற வீடு. எங்க சின்னம்மா வீட்டு வாசல்ல ஒரு தடவ ஒரு கூட்டம் வேன்ல வந்து எறங்கி, ஒரு வார்த்த கேக்காம அடுப்படிய எட்டிப் பாத்து போட்டோ எடுத்துட்டு போயிருக்கு, சின்னம்மா அப்ப தல குளிச்சிட்டு நின்னிருக்காங்க. அன்னைக்கு முழுக்க சோறு சாப்பிடலன்னு சொன்னாங்க. அதனால தோட்டத்துக்குள்ள போறதுன்னா ஒபிஸ்ல ஒரு வார்த்த சொல்லுங்க, லயத்து பக்கம் போனா வணக்கம் சொல்லி பேசுங்க, பேசினா அவங்களே உள்ள கூப்பிட்டு தேத்தண்ணி ஊத்தி குடுப்பாங்க, அதுக்கப்பறம் போட்டோ எடுக்கலாமான்னு கேளுங்க.

மலைப்பாதை:
அக்கா சொன்னது ரொம்ப சரி. ஆனா நான் வேற ஒண்ணு கேக்குறேன், எதுக்கு இந்த டெய்லர் வீடு, தொரமார் கல்லறை, பங்களா இதெல்லாம் காட்டணும்? அதத்தானே ஊரே காட்டுது. பிள்ளைங்களுக்கு நம்ம ஆளுங்கள மட்டும் காட்டுங்க. நேரா மாத்தளைக்கு கூட்டிட்டு போங்க. கோப்பிக் காலத்துல மன்னார் கரைல எறங்கி காட்டு வழியா நடந்தே மாத்தளைக்கு வந்தாங்க, வாந்திபேதி, காய்ச்சல், பசின்னு வழியிலயே விழுந்தவங்களுக்கு கணக்கே இல்ல. 2023ல, நம்ம ஆளுங்க வந்து 200 வருசம் ஆனத நெனச்சு, மலையகம் 200ன்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் அதே வழிய நடந்தாங்க, ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12ல முடிஞ்சுது, நானும் கடைசி ரெண்டு நாள் நடந்தேன், கால் வீங்கிருச்சு, அதுவும் ரோட்டுல, சப்பாத்து போட்டு, வழி முழுக்க ஆளுங்க தண்ணி குடுக்க. அவங்க வெறுங்கால்ல கைக்குழந்தையோட வந்திருக்காங்க. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில்ல போய் நின்னா எனக்கு அதுதான் ஞாபகம் வரும். அந்த கோயில் 1874ல கட்டினது, நடந்து வந்து உயிரோட சேந்தவங்களுக்கு ஆத்தாதான் தொணை.

ஓய்வு_ஸ்டேஷன்_மாஸ்டர்:
தம்பி சொல்றதுல இருக்கிற வேதனை எனக்கு விளங்குது. ஆனா டெய்லர விட்டுட்டு போங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கண்டி மஹியாவை மயானத்துல அவரோட கல்லறை இருக்கு, 1892 மே 2ஆம் திகதி, 57 வயசுல வயித்துக்கடுப்புல செத்தாரு. லூல்கந்துரைல இருந்து கண்டி வரைக்கும் அந்த பெட்டிய தோள் மாத்தி தோள் மாத்தி சுமந்து வந்தது தோட்டத்து ஆளுங்கதான், சாமி தொரன்னு சொல்லி அழுதாங்கன்னும் சொல்லுவாங்க. அவ்வளவு தூரம், அந்த எறக்கம். பிள்ளைங்கள அந்த கல்லறை முன்னால நிறுத்தி, பேர் எழுதின இந்த கல்லு ஒருத்தருக்கு, சுமந்து வந்தவங்களுக்கு கல்லு எங்கன்னு கேட்டா போதும். ரெண்டையும் பாத்தாதான் கேள்வியே வரும்.

கோப்பி, தேயிலை வித்தியாசத்தயும் பிள்ளைங்களுக்கு சொல்லிடுங்க, இது பலருக்கு தெரியாது. கோப்பி பழம் பறிக்கிறது சில மாசம்தான், அதனால ஆளுங்க வந்து வேல முடிஞ்சதும் ஊருக்கு திரும்பி போனாங்க. 1869ல கோப்பி இலையில நோய் விழுந்து கொஞ்ச வருசத்துல கோப்பியே அழிஞ்சு தேயிலை வந்துச்சு. கொழுந்து வருசம் முழுக்க எடுக்கணும். அதுக்கப்பறம்தான் குடும்பம் குடும்பமா இங்கயே தங்க வேண்டியதாச்சு. லயம் கூடினது, வேலைக்கு போறவங்க பிள்ளைங்கள விட்டுட்டு போற புள்ளக்காம்பரா வந்தது, காலைல ஆளுங்கள வேலைக்கு பிரிக்கிற பெரட்டுக்கு தப்பு அடிச்சது எல்லாம் இந்த ஒரு மாத்தத்தால.

கண்டில ஹந்தானை தேயிலை மியூசியத்துக்கும் போங்க, 1925ல கட்டின பெக்டரி, நாலு மாடி. ரோலர், டிரையர், பழைய எஞ்சின் எல்லாம் கீழ இருக்கு. படி ஏற முடியலன்னா அப்பா கீழ் மாடில நின்னாலே போதும். பெக்டரில வேல செஞ்சவங்க வீட்ல யாரும் இருந்தா அந்த மெஷின பாத்ததும் கத வரும்.

ரயில்ல ஒரு துண்டாவது போங்க. கண்டி லைன் 1867ல, அதாவது டெய்லர் தேயிலை போட்ட அதே வருசம், வந்துச்சு. நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924. கோப்பிய கொழும்புக்கு எறக்கத்தான் முதல்ல இந்த லைன் போட்டாங்க, முடிக்கும்போது ஏத்தினது தேயிலை. அப்பாவோட முழங்காலுக்கும் வேன விட ரயில் சுகம், ஆனா டிசம்பர்ல சீட் கெடைக்காது, முன்கூட்டியே புக் பண்ணுங்க, நின்னுக்கிட்டு போற பயணம் அவருக்கு சரிவராது.

மலைப்பாதை:
ஐயா, சுமந்தவங்க கத எனக்கு இது வரைக்கும் தெரியாது. சரி, டெய்லர பாக்கட்டும். ஆனா கேள்விய கட்டாயம் கேக்கணும். எங்க பாட்டி சொல்லும், செத்தவங்கள தேயிலைத் தூருலதான் பொதைச்சோம், அடையாளத்துக்கு ஒரு குச்சி, மழைக்கு அதுவும் போயிரும்னு.

தெல்தோட்டக்காரன்:
எங்க தோட்டத்துலயும் அப்படித்தான், மயானத்துக்கு எல்லையே தெரியாது, சுத்தி தேயிலை. அண்ணன், மூணு நாள்னா இப்படி வைங்க. மொதல் நாள் காலைல மஹியாவையும் ஹந்தானையும், பகலுக்கு மேல சும்மா இருங்க, அப்பா களைச்சிருவாரு. ரெண்டாம் நாள் முழுசும் எங்க பக்கம், லூல்கந்துர முடிச்சிட்டு ஹேவாஹெட்டைக்கு திரும்பி அப்பாவோட தோட்டத்துக்கு போங்க, சாயந்தரம் வரைக்கும் தள்ளாதீங்க, இருட்டிரும். மூணாம் நாள் கம்பளை, பாரதெக்க, அப்படியே கொழும்புக்கு எறங்கிடலாம், கடுகண்ணாவைல ரயில் மியூசியமும் கண்டி ரோட்டு போட்ட இஞ்சினியர் டோசன் ஞாபகக் கோபுரமும் வழியிலயே இருக்கு, நேரம் இருந்தா பிள்ளைங்களுக்கு காட்டுங்க. மாத்தளை இதுல அடங்காது, அது எதிர்ப்பக்கம், மாசி மகம் தேருக்கு தனியா வாங்க. மூணு நாளும் கண்டிலயே தங்குங்க, ரூம் மாத்தி மாத்தி அலைய வேணாம்.

கம்பளை_கலா:
அப்பா பேசும்போது போன்ல ரெக்கோட் பண்ணிக்கோங்க. வீட்ல உக்கார வச்சு கேட்டா "என்னத்த சொல்றது"ன்னுதான் சொல்லுவாங்க, எடத்த பாத்தாதான் வாய் திறக்கும். பெரிய கங்காணி பேர், கணக்கப்பிள்ளை பேர், எந்த மலைல யாரு கொழுந்தெடுத்தா, எல்லாம் வரும். எங்க அம்மா பேசினத நான் ரெக்கோட் பண்ணல. இப்ப அவங்க இல்ல.

வத்தளை_ஹேவாஹெட்ட:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு நெனைக்கல. நேத்து ராத்திரி இத எல்லாத்தயும் அப்பாவுக்கு வாசிச்சு காட்டினேன், மூத்தவளும் பக்கத்துல இருந்தா. கோவிந்தன் பேர் வந்ததும் அப்பா எழும்பி உக்காந்துட்டாரு, எங்கப்பா அந்த நாள பத்தி சொல்லுவாரு, லயத்துல அன்னைக்கு யாரும் அடுப்பு பத்த வைக்கலன்னு சொன்னாரு, இத நான் இவ்வளவு வருசத்துல ஒரு தடவ கூட கேட்டதில்ல. அப்பறம் மகள்கிட்ட, காடு வெட்டினது யாருன்னா பேர் தெரியாது கண்ணு, ஆனா எங்க தாத்தாவோட தாத்தா மாதிரி ஆளுங்கன்னு சொன்னாரு. அவ கொப்பிய எடுத்துட்டு வந்து கட்டுரைக்கு கீழ எழுத ஆரம்பிச்சிட்டா.

தெல்தோட்டக்கார தம்பி சொன்ன மாதிரியே நாள் வச்சிருக்கேன். கலா அக்கா, ரெக்கோட் பண்றது மகளோட வேலன்னு முடிவாச்சு. ஒரே ஒரு கேள்வி, அப்பா பொறந்த லயம் இன்னும் இருக்கான்னு தெரியல, ஹேவாஹெட்ட தோட்டங்கள் பக்கம் பழைய செக்ரோல், அதாவது வேலைக்கு வந்த ஆளுங்க பேர் பதியிற புத்தகம், பாத்து பேர் தேடுறதுன்னா தோட்ட ஒபிஸ்ல காட்டுவாங்களா? தாத்தா பேர் அதுல இருந்தா மகளுக்கு காட்டணும்.

தெல்தோட்டக்காரன்:
தோட்டத்துக்கு தோட்டம் வேற மாதிரி அண்ணன், சிலதுல பழசெல்லாம் கறையான் தின்னுருச்சு. பெரிய கிளார்க்க நேர்ல பாத்து, அப்பாவயும் முன்னால நிறுத்தி கேளுங்க. பழைய ஆளு வந்திருக்காருன்னா சும்மா அனுப்ப மாட்டாங்க. வர்ற திகதிய இங்க போடுங்க, தெல்தோட்டைல நான் நிக்கிறேன்.