ஹம்பி + பாதாமி மூணு நாள்ல முடியுமா? அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்கு வாதாபி வேணுமாம், ஹெல்ப் ப்ளீஸ்

ஏரிக்கரைப் பையன்:
வணக்கம் மக்களே. ஜனவரி 26 திங்கக்கிழமை வருதுல்ல, அதோட சனி ஞாயிறு சேத்து அப்பா அம்மாவ ஹம்பி கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன், சென்னைல இருந்து. வெள்ளி மதியம் லால்பாக் புடிச்சு பெங்களூரு, அங்க ராத்திரி பத்து மணி வாக்குல ஹம்பி எக்ஸ்பிரஸ், சனி காலைல ஹொஸ்பேட். சனி ஃபுல்லா ஹம்பி. ஞாயிறு கார் வச்சு பாதாமி, பட்டடக்கல், ஐஹொளே மூணும். திங்கள் ஹம்பில மிச்சம் மீதி பாத்துட்டு ராத்திரி ரிட்டர்ன். பேப்பர்ல போட்டா சூப்பரா இருக்கு.

பிரச்சனை என்னன்னா அம்மாவுக்கு முட்டி வலி, சமதளத்துல நடப்பாங்க, படின்னா கஷ்டம். அப்பா ரிட்டயர்டு, "ஹம்பியெல்லாம் சரிடா, நரசிம்மவர்மன் போய் அடிச்ச வாதாபியப் பாக்காம திரும்புறதா"ன்னு ஒரே புடியா நிக்கிறாரு (சாளுக்கியத் தலைநகரம் வாதாபிதான் இப்ப பாதாமி). அப்புறம் ரூம். ஒரு வீடியோல ஆத்துக்கு அந்தப் பக்கம், வயலுக்கு நடுவுல குடிசை மாதிரி சூப்பர் கெஸ்ட் ஹவுஸ் காட்டுனாங்க, மூணு நாளா அந்த நம்பருக்கு அடிக்கிறேன் ஸ்விட்ச் ஆஃப். யாராச்சும் சமீபத்துல போனவங்க சொல்லுங்களேன்.

சில்க்போர்டு சிக்னல்:
ப்ரோ அந்த வீடியோ எந்த வருஷம்னு பாருங்க மொதல்ல. நீங்க சொல்றது விருபாபுர கட்டெ. அங்க இருந்த கெஸ்ட் ஹவுஸெல்லாம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கப்புறம் 2020லயே இடிச்சாச்சு. நம்பர் எப்படி எடுப்பாங்க 😀

அப்பா அம்மாவோட போறீங்கன்னா ஹொஸ்பேட்லயோ கமலாபுரத்துலயோ தங்குங்க. ஹொஸ்பேட் 13 கிலோமீட்டர்தான், லிஃப்ட் உள்ள லாட்ஜ் கெடைக்கும், அம்மாவுக்கு அதான் முக்கியம். ஹம்பி கோயில் ஏரியாங்கறதால அங்க கவிச்சி கெடையாது, அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை குழம்பு வேணும்னாலும் ஹொஸ்பேட்தான்.

இன்னொன்னு, லால்பாக் பெங்களூரு வர்றதே ஒம்போதுக்கு மேல. கொஞ்சம் லேட்டானா அடுத்த ட்ரெயின் கோவிந்தா. லீவு நேரம், மாத்து டிக்கெட்டும் கெடைக்காது. வெள்ளி ஒரு நாள் லீவு போட்டுக் காலை வண்டில வந்துருங்க.

கல்தேர்:
தம்பி, ஹம்பில நெறைய பேர் பண்ற தப்ப நீங்களும் பண்ணப் போறீங்க, அதான் இவ்ளோ பெருசா எழுதுறேன். இது ஒரு கோயில் இல்ல, இடிஞ்சு கெடக்குற விஜயநகரப் பேரரசோட தலைநகரம். 1336ல ஆரம்பிச்சு 1565 தலைக்கோட்டைச் சண்டை வரைக்கும் இருந்த ஊரு, சதுர மைல் கணக்குல பரந்து கெடக்கு. லிஸ்ட் போட்டு டிக் அடிச்சா மத்தியானம் ரெண்டு மணிக்கு எல்லாரும் சண்டை போட்டுட்டு ஆட்டோல உக்காந்திருப்பீங்க.

வெயிலையும் டிக்கெட்டையும் வச்சு பிளான் பண்ணுங்க. காலைல மொத ஆளா விட்டலர் கோயில், நம்ம 50 ரூபா நோட்டுல இருக்குற கல்தேர் அங்கதான் இருக்கு. பார்க்கிங்ல இருந்து ஒரு கிலோமீட்டர் பேட்டரி வண்டி விடுவாங்க, அம்மாவுக்கு கவலை இல்ல, ஆனா பத்து மணிக்கு மேல போனா அந்த வண்டிக்கே க்யூ நிக்கும். அங்க வாங்குற டிக்கெட்டத் தூக்கிப் போட்டுறாதீங்க, அதே டிக்கெட்டுதான் தாமரை மஹால், யானைக் கொட்டில் இருக்குற வளாகத்துக்கும் கமலாபுரம் மியூசியத்துக்கும், ஆனா அன்னைக்கு ஒரு நாள் மட்டும்தான் செல்லும். அதனால இது மூணையும் ஒரே நாள்ல வைங்க. இசைத் தூணத் தட்ட விடமாட்டாங்க, அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

மத்தியானம் வெயில்ல மியூசியம், இல்லன்னா ரூம்ல தூக்கம். தூக்கம் பெஸ்ட்.

அடுத்த நாள் காலைல விருபாட்சர். அது இடிபாடு இல்ல, இன்னைக்கும் பூஜை நடக்குற கோயில், மத்தியானம் நடை சாத்திருவாங்க. பின்னாடி ஒரு சின்ன இருட்டு அறைல சின்ன ஓட்டை வழியா ராஜகோபுரத்தோட நெழல் செவுத்துல தலைகீழா விழும், யார்கிட்ட கேட்டாலும் காட்டுவாங்க. லட்சுமி நரசிம்மர், படவிலிங்கம் ரெண்டும் ரோட்டோரமே இருக்கு, ஆட்டோல இருந்து எறங்கினா நாலு எட்டு. அந்த நரசிம்மர் ஒரே பாறைல 6.7 மீட்டர். மடியில இருந்த தாயார ஒடச்சுட்டாங்க, அவங்க கை மட்டும் இன்னும் அவர் முதுகப் புடிச்சிட்டு இருக்கும். சுத்திப் போய் அந்தக் கையத் தேடிப் பாருங்க. நான் அங்க நின்ன மாதிரி வேற எங்கயும் நிக்கல.

சூரியன் மறையறதுக்கு எல்லாரும் மாதங்க மலைன்னு சொல்லுவாங்க, வேணாம். ஹேமகூடம் போதும், சரிவான பாறைதான்.

பாதாமிய இந்தத் தடவ விட்டுருங்க.

தேன்மொழி_கும்பகோணம்:
கல்தேர் சார் சொல்றதுல பாதி ஒத்துக்கறேன். பாதாமி குகைக்கு நெறைய படி, அம்மாவால முடியாது, அது சரி. ஆனா பட்டடக்கல் அப்படியே புல்தரை, எல்லா கோயிலும் ஒரே வளாகம், முட்டி வலிக்காரங்களுக்கு ஹம்பிய விட அதுதான் சுகம். நான் என் மாமியாரோட போயிருக்கேன்.

வாதாபின்னு கேக்குற அப்பாவுக்கு பட்டடக்கல்தான் நெசமான பதில் தெரியுமா. நரசிம்மவர்மன் 642ல வாதாபிய புடிச்சாரு, அது நமக்குத் தெரிஞ்ச கதை. அதுக்கு நூறு வருஷம் கழிச்சு சாளுக்கிய ராஜா ரெண்டாம் விக்கிரமாதித்தன் பதிலுக்கு வந்து காஞ்சிபுரத்தப் புடிச்சான். புடிச்சவன் ஊர எரிக்கல, கைலாசநாதர் கோயில் சொத்தத் திருப்பிக் குடுத்துட்டு அங்கயே கன்னடத்துல கல்வெட்டு வெட்டிட்டுப் போனான், இப்பவும் இருக்கு. அந்த ஜெயத்துக்காக அவன் ராணி லோகமாதேவி கட்டுனதுதான் பட்டடக்கல் விருபாட்சர். பாத்தா காஞ்சிபுரத்துல நிக்கிற மாதிரியே இருக்கும்.

கல்தேர்:
கதை சூப்பர்மா, இல்லன்னு சொல்லல. ஆனா ஹொஸ்பேட்ல இருந்து பாதாமியே 140 கிலோமீட்டர் கிட்ட, பட்டடக்கல் அதுக்கு மேல 22. போக வர ஆறு ஏழு மணி நேரம் கார்லயே உக்காந்தா முட்டி என்ன ஆகும்? மடக்குன முட்டி நடந்த முட்டிய விட மோசம், எங்க வீட்டுல பாத்திருக்கேன். பாதாமில தங்குற மாதிரி தனி ட்ரிப் போடச் சொல்லுங்க.

ஏரிக்கரைப் பையன்:
ரெண்டு பேருக்கும் நன்றி 🙏 இதப் பூராவும் அப்பா அம்மாக்கு சத்தமா படிச்சுக் காட்டுனேன். அம்மா "மடக்குன முட்டி"ல ஓட்டு போட்டுட்டாங்க. அப்பா கோவமா இருக்காரு, ஆனா லோகமாதேவி கதைய எங்க சித்தப்பாவுக்கு போன் போட்டு அவரே கண்டுபுடிச்ச மாதிரி சொல்லிட்டு இருக்காரு. ஒரு டவுட்டு, ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற அஞ்சனாத்ரி மலைக்கு அப்பா மட்டும் ஏறலாமா? ஹம்பில இருந்து படகுல தாண்டிறலாமா?

சில்க்போர்டு சிக்னல்:
575 படி. அப்பாவுக்கு தெம்பு இருந்தா விடிகாலைல ஏறட்டும். படக நம்பி பிளான் போடாதீங்க, சாயங்காலத்தோட நிறுத்திருவாங்க, டேம்ல தண்ணி தெறந்துவிட்டா அதுவும் கெடையாது. பாலம் வழியா ஆட்டோல சுத்திப் போயிருங்க, அம்மா கீழ டீக்கடைல இருக்கட்டும்.

ஏரிக்கரைப் பையன்:
போயிட்டு வந்தாச்சு மக்களே. காலை ட்ரெயின் ஐடியா சொன்ன ப்ரோவுக்கு கோயில் கட்டணும். பேட்டரி வண்டிக்கு எட்டரைக்கே நாப்பது பேர் க்யூ, லீவு நாள் மகிமை, ஆனா போயிட்டோம். அம்மா ஹேமகூடத்துல என் கையப் புடிச்சிட்டு அவங்களே ஏறுனாங்க, எறங்குறதுக்குத்தான் உக்காந்து உக்காந்து வந்தோம். நரசிம்மர் முதுகுல கை இருக்கு, ஆனா கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து முழுசா பாக்க முடியல, அப்பா எட்டி எட்டிப் பாத்துட்டு செக்யூரிட்டிகிட்ட திட்டு வாங்குனாரு.

கடைசியா கிருஷ்ணர் கோயில் போனோம். கிருஷ்ணதேவராயர் உதயகிரிய ஜெயிச்சு அங்கருந்து பாலகிருஷ்ணர் சிலைய கொண்டாந்து வச்ச கோயில். உள்ள கருவறை காலி. சாமி எங்கன்னு அப்பா கைடுகிட்ட கேட்டா, அது உங்க மெட்ராஸ் எக்மோர் மியூசியத்துல இருக்குன்னாரு. அப்பா என்னத் திரும்பி ஒரு பார்வை பாத்தாரு பாருங்க. "எக்மோருக்கு நம்ம வீட்டு வாசல்லயே பஸ்ஸு வருதேடா."