இரவில் சாலையில் படுக்கும் மாடுகளைப் பட்டிக்குள் செலுத்துவது எப்படி?

எங்கள் பகுதிப் புறவழிச்சாலையின் வளைவில், மழைக்காலம் தொடங்கியதிலிருந்து, இருட்டியதும் பசுக்களும் கன்றுகளும் ஒரு காளையுமாகச் சிறு மந்தை வந்து படுத்துக்கொள்கிறது. தார்ச்சாலை ஈரமின்றி வெதுவெதுப்பாக இருப்பதால் விரட்டினாலும் திரும்பிவிடுகிறது. கரிய மாடுகள் முகப்பு விளக்கொளியில் கடைசி நொடியில்தான் தெரிகின்றன. சிலவற்றின் காதில் அடையாள வில்லை இருந்தும் உரிமையாளர் எவரும் முன்வரவில்லை. உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்தபின் மாடு பிடிக்கும் வண்டி வருகிறது, ஆனால் அவை மேய்ச்சலுக்குப் போய்விட்ட பகல் வேளையில்! ஒளிரும் கழுத்துப்பட்டை கட்ட முயன்றபோது காளை நெருங்கவிடவில்லை. தவிடு காட்டி அழைத்ததில் முன்னால் செல்லும் பசு மட்டும் வந்தது. மற்றவை மிரண்டு வாகனங்களுக்கிடையே சிதறின. அருகில் வேலியிட்ட காலியிடம் ஒன்றைப் பட்டியாகப் பயன்படுத்த அனுமதி பெற்றுள்ளோம். மந்தையை மிரளவிடாமல் இரவிலேயே அதற்குள் செலுத்த, ஆட்களை எந்தப் பக்கத்தில், எவ்வளவு தொலைவில் நிறுத்த வேண்டும்?