முன்வாசலை மாத்திக் கட்டினாக்கள் உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

விசுவமடு:
இந்திய அரசாங்கத்தின்ர வீட்டுத்திட்டத்தில 2013இல கட்டின வீடு. அதில தந்த ஐஞ்சரை லட்சம் ரூபாய்க்குள்ள முன்பக்கம் எப்பிடி வந்திருக்கும் எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும். மாமா சக்கர நாற்காலி. முன்னால படி எண்டபடியால் குசினிப் பக்கத்தாலதான் உள்ளுக்கு வாறவர், விறகையும் சாம்பல் வாளியையும் விலத்தி விலத்தி. போன பங்குனியில படியை உடைச்சுச் சாய்தளம் போட்டு, கதவையும் மூண்டரை அடிக்கு அகட்டினம். நிலை வைக்கிற அண்டு மேசன் அண்ணை, நிலைக்கு அடியில குறுக்கால வாற கட்டை, அந்தக் கீழ்ப்படி இல்லாமல் வைக்கமாட்டன் எண்டு நிண்டார். "வாசற்படி இல்லாத வீட்டில லட்சுமி தங்கமாட்டா தம்பி." அம்மாவும் அவற்ற பக்கம். மாமா முத்தத்தில இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், வாய் திறக்கேல்ல. சில்லில ஒட்டின செம்மண்ணை ஈர்க்கால சுரண்டிக்கொண்டே இருந்தார். அதுதான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. அதைப் பாத்திட்டு அம்மாவே சொன்னா, "மேல மாவிலை கட்டினால் காணும், கீழ ஒண்டும் வேண்டாம்."

மாங்குளம்:
விசுவமடுத் தம்பி, கீழ்ப்படியை லட்சுமிக்கு மட்டும் வைக்கிறேல்ல. ஐப்பசி தொடக்கம் வாடைக்காத்தோட மழை அடிச்சால் எங்க போவியள்? எங்கட வாசல் வடக்குப் பாத்தது. ஒரு விடிய மகள் பள்ளிக்கூடச் சப்பாத்தை எடுக்கக் குனிஞ்சவள், செருப்புக் குவியலுக்குள்ள புடையன் சுருண்டு கிடக்குது. கை அதுக்குக் கிட்டப் போட்டுது. விறாந்தைச் சுவரில முழங்கால் உயரத்துக்குப் பலகை அடிச்சு எல்லாத்தையும் மேல ஏத்தினாப் பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. படி இல்லாத வாசல் பாம்புக்கும் வாசல்தான்.

வவுனியா:
ரெண்டுபேரும் சொல்லுறது சரி, ஆனால் தண்ணிக்காகப் படி வைக்கத் தேவையில்லை. அக்கா வீட்டில கதவு வெளியால திறக்கிறது, சாய்தளம் முடியிற இடத்தில நிக்க மட்டமில்லை. அத்தான் கதவை இழுத்தவுடன நாற்காலி பின்னுக்கு உருண்டிட்டுது, நான் பின்னால நிண்டபடியால் தப்பினார். அதால சொல்லுறன்: 1 அங்குலம் ஏற 12 அங்குலம் நீளம் விடுங்கோ. 18 அங்குல உயரமெண்டால் 18 அடி. கதவடியில 5 அடிக்கு 5 அடி மட்டமாய் இருக்கவேணும், அப்பதான் நாற்காலி திரும்பும். விறாந்தை நிலத்துக்கு வெளிப்பக்கமாய் வாட்டம் குடுங்கோ. வாசலுக்குக் குறுக்கால சின்னக் கான் வெட்டி மேல இரும்புக் கம்பி வலை போட்டால் மழைத்தண்ணி அதுக்குள்ள இறங்கிப் பக்கத்தால ஓடும். கதவின்ர அடியில றப்பர் பட்டி அடியுங்கோ, தண்ணியும் வராது பாம்பும் வராது. தகரத்தை முன்னுக்கு நீட்டிச் சாய்ப்பு இறக்குங்கோ. மினுங்கிற ரைல்ஸ் சாய்தளத்தில பதிக்கவே வேண்டாம். சீமெந்து ஈரமாய் இருக்கேக்க விளக்குமாறால குறுக்க இழுத்துவிட்டால் பிடிப்பு இருக்கும்.

மல்லாவி:
18 அடிக்கு எங்கட வளவில எங்க போறது? நேர நீட்டினால் வேம்பு. அம்மம்மா வெட்ட விடேல்ல, இடம்பெயர்ந்து திரும்பி வரேக்க வளவில உயிரோட நிண்டது அது ஒண்டுதான். அதால சாய்தளத்தை வேம்படியில மடக்கி, திரும்பிற இடத்தில மட்டமாய்த் தளம் போட்டம். இப்ப நெல்லு மூட்டையும் அதாலதான் தள்ளுவண்டியில ஏறுது. முந்தி முதுகில சுமந்து படியேறினது. ஆனால் அப்பு அந்தத் தளத்திலயே நெல்லுக் காயப்போடுறார். சில்லு வழுக்கும், அம்மம்மா ஊன்றுகோலோட வாறவ எண்டு ஒவ்வொரு போகமும் எனக்கும் அவருக்கும் சண்டை.