கருப்பன் போய்விட்டான், அடுத்து எந்தக் குட்டி?

மாந்தோப்பு வீடு:
காவேரிப்பட்டணம் பக்கம் தோப்புக்குள் எங்கள் வீடு. நாட்டு நாய் ஒன்று இருந்தது, கருப்பன், போன மாதம் உண்ணிக் காய்ச்சலில் போய்விட்டான். காய் பறிக்க வருகிற ஆளா, வேற்று ஆளா என்று அவன் குரைப்பை வைத்தே தெரிந்துவிடும். நாய் இல்லாமல் தோப்பில் ராத்திரி இருக்க முடியாது. வீட்டுக்காரர் ராஜபாளையம் என்கிறார், மகள் அச்சு அசல் அவனைப் போலவே கருப்பாக வேண்டும் என்று அடம். எனக்கோ அவன் சோற்றுத் தட்டை எடுக்கவே மனசு வரவில்லை. இப்போதே வாங்கலாமா?

பாலக்கோட்டான்:
வகை அப்புறம், முதலில் உண்ணி ஒழிந்ததா பாருங்கள். நாய் இல்லாவிட்டாலும் அது சுவர் வெடிப்பில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஒரு பெட்டை உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அவன் படுத்த சாக்கை எரித்துவிட்டு, திண்ணை வெடிப்பையெல்லாம் பூசிவிடுங்கள். மருந்தை கால்நடை டாக்டரிடம் கேட்டு அடியுங்கள், மாட்டுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று அளவு தெரியாமல் குட்டி மேல் ஊற்றிவிடப் போகிறீர்கள்!

ஓசூர் வாசி:
நான் ராஜபாளையம்தான் வளர்க்கிறேன். நல்ல நாய், ஆனால் ஒருத்தருக்குத்தான் அடங்கும், ஆள் வந்து போகிற தோப்பில் பாதி நாள் கட்டிப்போட வேண்டி வரும். அந்த வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடும் உண்டு. மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்து செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும், அதனால் தனியாகத் தூக்கி வந்து பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பாருங்கள். 8 வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

பென்னாகரத்துப் பொண்ணு:
அக்கா, கருப்பாகவே தேட வேண்டாம். என் அப்பா அப்படி ஒன்றைக் கொண்டுவந்து பழைய பேரையே வைத்து, "அவன் இப்படியா செய்வான்" என்று தினமும் திட்டு, பாவம் அது. பெட்டைக் குட்டி என்றால்தான் ரோட்டோரம் விட்டுவிட்டுப் போகிறார்களே, அதில் ஒன்றை எடுங்கள், காவலில் ஒரு குறையும் இருக்காது. 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 3 மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி.

மாந்தோப்பு வீடு:
சரி, கொத்தனாரிடம் சொல்லியாச்சு. பெட்டை என்றால் மாமியார்தான் ஒத்துக்கொள்ள மாட்டார், வருஷா வருஷம் குட்டி போடும் என்பார்.

பென்னாகரத்துப் பொண்ணு:
ஆறு மாதம் வாக்கில் டாக்டரிடம் காட்டி கருத்தடை செய்துவிடலாம் அக்கா. அத்தையிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.