மகள் பைலட் ஆகணும் என்கிறாள், ஒரு கோடி கேட்கிறார்கள். முன்பணம் கட்டலாமா?

திருமங்கலத்துக்காரன்:

வணக்கம். திருமங்கலத்தில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ஒன்பதாவது படிக்கும்போதிருந்தே பைலட், பைலட் என்றுதான் பேச்சு. போன வாரம் மதுரையில் ஒரு ஓட்டலில் இதற்கென்று கூட்டம் நடத்தினார்கள், குடும்பத்தோடு போனோம். கோட்டு போட்ட ஒரு தம்பி திரையில் படம் போட்டுக் காட்டினார். வெளிநாட்டில் பயிற்சியாம், ஒன்றரை வருடத்தில் லைசென்ஸாம், திரும்பி வந்தால் வேலை நூறு சதவீதம் உறுதியாம், எல்லாம் சேர்த்து ஒரு கோடிக்குப் பக்கத்தில் வருமாம். மாதக் கடைசிக்குள் ஐந்து லட்சம் கட்டினால் சீட்டு பிடித்து வைக்கிறோம் என்கிறார்கள். செக்கானூரணி பக்கம் ஒரு பிளாட் கிடக்கிறது, அதை விற்றால் பாதி தேறும், மீதிக்கு பேங்க் லோன்.

பிள்ளை கண்ணாடி போட்டிருக்கிறாள், பத்தாவது வரை தமிழ் மீடியம். இதெல்லாம் தடையா? வேலை உண்மையிலேயே கிடைக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வலதுசீட்டு:

அண்ணே, அந்த ஐந்து லட்சத்தைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் வில்லாபுரம், இப்போது சென்னையை பேஸாக வைத்து ஏர்பஸ் 320-இல் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட். பணத்தைப் பற்றி யோசிக்கும் முன்னால் நடக்க வேண்டியது மெடிக்கல். லைசென்ஸ் கொடுக்கிற மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற டாக்டர்கள் பட்டியல் இருக்கிறது. அவர்களில் ஒருவரிடம் கிளாஸ் 2 என்கிற ஆரம்ப மெடிக்கல் எடுங்கள், அது முடிந்ததும் சம்பளத்துக்குப் பறக்கத் தேவையான கிளாஸ் 1-க்கு விண்ணப்பம் போடுங்கள். பெங்களூரில் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிலையத்தில் எடுக்கலாம், வேறு சில மையங்களும் உண்டு. ஈசிஜி, காது, ரத்தம், எக்ஸ்ரே, கண் என்று ஒன்று விடாமல் பார்ப்பார்கள். கண்ணாடி தடையே இல்லை, போட்ட பிறகு பார்வை 6/6 வந்தால் போதும். நிறம் பிரித்தறிவதில் கோளாறு இருந்தால்தான் சிக்கல், புள்ளிப் புள்ளியாக எண் தெரிகிற அந்தப் புத்தகத்தை உங்கள் ஊர் கண் டாக்டரிடமே ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். அன்ஃபிட் என்று வந்தாலும் பதற வேண்டாம், தற்காலிகம் என்றால் வைத்தியம் பார்த்துவிட்டு மறுபடி போகலாம். ஆனால் கிளாஸ் 1 கைக்கு வராமல் பிளாட்டை விற்பது பெண் பார்க்கும் முன்னே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற கதைதான்.

பிளஸ் டூவில் ஃபிசிக்ஸும் மேத்ஸும் இருக்கிறது, அந்தக் கவலை இல்லை. ரிசல்ட் வந்ததும் டிஜிசிஏ-வில் கம்ப்யூட்டர் நம்பர் என்கிற பதிவு எண் வாங்கிவிட்டு பரீட்சைக்கு உட்காரலாம். நேவிகேஷன், மீட்டியராலஜி (வானிலைப் பாடம்), ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல், எல்லாவற்றிலும் 70 சதவீதம் வேண்டும். ரேடியோ பேசுவதற்குத் தனி பரீட்சை. இந்தப் பேப்பர்களை விமானத்தைத் தொடாமலே வீட்டில் உட்கார்ந்து எழுதி முடிக்கலாம், பெரிய செலவும் இல்லை. பிள்ளைக்கு நிஜமான ஆசையா, யூனிஃபார்ம் ஆசையா என்பது மீட்டியராலஜி புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தெரிந்துவிடும்.

தமிழ் மீடியம் தடையில்லை. நானும் தமிழ் மீடியம்தான். ஆங்கிலத்துக்கென்று ஒரு தேர்வு உண்டு, ஆறு நிலைகளில் நான்காவது நிலை இருந்தால் பறக்கலாம். புத்தகத்து ஆங்கிலம் அங்கே உதவாது, காதில் விழுந்ததைத் தப்பில்லாமல் திருப்பிச் சொல்லத் தெரிய வேண்டும்.

லைசென்ஸ்காரன்:

வேலை உறுதி என்று சொன்னாராம் அந்தத் தம்பி. எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

சிபிஎல், அதாவது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், கையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருப்பவன் நான், அதனால் கசப்பாகத்தான் எழுதுவேன். 2023-இல் மட்டும் டிஜிசிஏ கொடுத்த சிபிஎல் 1,622. அத்தனை பேருக்கும் அந்த வருடமே சீட்டு காலியாக இருக்குமா? ஏர்லைன்ஸ் ஆள் எடுத்தால் அலை மாதிரி எடுப்பார்கள், நிறுத்தினால் வருடக்கணக்கில் கதவு சாத்தியிருக்கும். அந்த இடைவெளியில் மெடிக்கல் புதுப்பிக்க வேண்டும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்துப் பறக்கிற தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் காலாவதியானால் மறுபடி பறந்து காட்ட வேண்டும், எல்லாம் கைக்காசு. லோன் தவணை மட்டும் எந்த அலைக்கும் காத்திருக்காது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பேங்க் சொத்து அடமானம் கேட்கும், ஆகவே பிளாட்டை விற்றுவிட்டு லோனுக்குப் போனால் எதை அடமானம் வைப்பீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

இன்னொன்று, அந்தக் கூட்டத்தில் டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ஒரு ரகப் பெரிய விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி, பற்றிச் சொன்னார்களா? சிபிஎல் என்பது சின்ன விமானத்தில் 200 மணி நேரம் பறந்து வாங்குவது. அதை வைத்துக்கொண்டு ஏர்பஸ்ஸிலோ போயிங்கிலோ ஏற முடியாது, அதற்குத் தனியாக சிமுலேட்டர் பயிற்சி, அது இன்னொரு பதினைந்து இருபது லட்சம். வெளிநாட்டில் சிபிஎல் வாங்கினால் இங்கே வந்து இந்திய லைசென்ஸாக மாற்றுகிற வேலை வேறு.

இங்கேயே பறப்பது என்றால், பள்ளிக்கு நேரில் போய் மாணவர்களை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். பறக்கிற நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர்கள், சீனியர்களுக்கு 200 மணி நேரம் முடிய எவ்வளவு காலம் ஆனது. நான் சேர்ந்த பள்ளியில் ஹாங்கருக்குள் வரிசையாக விமானங்கள் நின்றன, பார்க்க அழகாக இருந்தது. பாதிக்கு இன்ஜின் கவரைக் கழற்றிப் போட்டு உதிரி பாகத்துக்குக் காத்திருந்தார்கள். காலையில் ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் பனி, பனி விலகினால் விமானம் இல்லை, விமானம் வந்தால் இன்ஸ்ட்ரக்டர் இல்லை. இப்போது டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளுக்குத் தர வரிசை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். பணம் கட்டினால் பறந்த மணிக்கு ஏற்றபடி தவணையாக மட்டும் கட்டுங்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பவனிடம் நிற்கவே வேண்டாம்.

யானைமலை:

அரசு வழியும் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே. உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் இக்ருவா என்ற மத்திய அரசு பைலட் பயிற்சி நிறுவனம், நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். பணமே இல்லாமல் பறக்க வேண்டும் என்றால் விமானப்படை. பிளஸ் டூ முடித்து ராணுவ அதிகாரி பயிற்சிக்குப் போகிற என்டிஏ பரீட்சையை இப்போது பெண்களும் எழுதலாம், டிகிரி முடித்தால் அஃப்கேட் என்கிற விமானப்படைத் தேர்வு. மனது மாறினால் பி.எஸ்சி.யில் ஃபிசிக்ஸ் மேத்ஸ் படித்துவிட்டு ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் தேர்வு. எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்படித்தான் போனான், கடன் இல்லை, நிம்மதியாக இருக்கிறான்.

திருமங்கலத்துக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலையில் அந்தத் தம்பி போன் பண்ணினார், மெடிக்கல் முடித்துவிட்டு வருகிறேன் என்றதும் குரலே மாறிவிட்டது. சரி, போகட்டும். வீட்டம்மாவுக்கு இன்னொரு கவலை. வேலையே கிடைத்தாலும் ராத்திரி பகல் தெரியாத பிழைப்பாச்சே, பொம்பளைப் பிள்ளைக்கு ஒத்து வருமா என்கிறாள். வலதுசீட்டு தம்பி, உங்கள் அன்றாடம் எப்படி என்று கொஞ்சம் சொல்லுங்களேன்.

வலதுசீட்டு:

மதினியிடம் சொல்லுங்கள், இந்தியாவில் பைலட்டுகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள், உலக சராசரியைவிட ரொம்ப அதிகம். என்னோடு பறக்கிற கேப்டன்களில் பெண்களும் உண்டு.

அன்றாடம் என்றால் ரோஸ்டர் என்கிற வேலை அட்டவணைதான் எங்களுக்குக் காலண்டர். பொங்கலா தீபாவளியா என்று அது பார்க்காது. காலை ஆறு மணி விமானம் என்றால் மூன்று மணிக்கே கார் வாசலில் நிற்கும், முந்தின நாள் ஏழு மணிக்கே படுக்க வேண்டும், தெருவில் கல்யாண ஸ்பீக்கர் கட்டியிருந்தால் அவ்வளவுதான். போனதும் மது சோதனைக் கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். பூஜ்யம் வந்தால்தான் மேலே பேச்சு, கொஞ்சம் காட்டினாலும் லைசென்ஸுக்கே ஆபத்து. அதனால் மவுத்வாஷ் கிடையாது, இருமல் டானிக் கிடையாது. எங்கள் அம்மா தசமூலாரிஷ்டம் கொடுத்துவிடுவார், அரிஷ்டம் எல்லாமே புளிக்க வைத்துச் செய்வது, ஆல்கஹால் இருக்கும், பெட்டியிலிருந்து எடுத்துத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

அப்புறம் வானிலை, எரிபொருள் கணக்கு, ஓடுபாதை அறிவிப்புகள். ஒரு நாளில் நான்கு சுற்று பறந்தால் நானும் கேப்டனும் மாற்றி மாற்றி ஓட்டுவோம், ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் ரேடியோவும் செக்லிஸ்ட்டும். மதுரைக்கு வருகிற நாள் எனக்குப் பிடிக்கும். ஆடியில் மேற்கிலிருந்து காற்று அடித்து நொறுக்கும், ஓடுபாதை கிழக்கு மேற்காக இருப்பதால் பெரும்பாலும் மூக்குக்கு நேரே வாங்கிவிடலாம். காற்று கொஞ்சம் தென்பக்கம் சாய்ந்தால்தான் விமானத்தின் மூக்கை நேராக்க கால் இரண்டும் ரடர் பெடலில் வேலை செய்ய வேண்டும், ரொம்ப பலமாக இருந்தால் கேப்டனே எடுத்துக்கொள்வார். ஓடுபாதை 2,300 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, மிதந்து மிதந்து பூப்போல இறக்கலாம் என்று இடத்தை வீணாக்க முடியாது. மழை நாளில் சக்கரத்தைக் கொஞ்சம் அழுத்தமாக வைப்பதுதான் சரி, தண்ணீரை வெட்டிக்கொண்டு தரையைப் பிடிக்க வேண்டும். பின்னால் இருப்பவர்கள் "பைலட் புதுசு போல" என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அரை மணி நேரத்தில் திரும்பக் கிளம்ப வேண்டும். அம்மா ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறார், நான் காக்பிட்டில் உட்கார்ந்து பார்சல் உப்புமா சாப்பிட்டுக்கொண்டு போனில் பேசுவேன்.

ஓய்வுக்கு விதி இருக்கிறது. ஏழு நாளில் 35 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது, வருடத்துக்கு 1,000 மணி நேரம். வார ஓய்வு 36 மணியாக இருந்ததை 2025-இல் 48 ஆக்கினார்கள். ஆனால் விடிகாலை வேலை இரண்டு நாள், ராத்திரி வேலை ஒரு நாள் என்று மாறி மாறி வந்தால் உடம்பு விதிப் புத்தகத்தைக் கேட்காது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிமுலேட்டரில் இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கச் சொல்வார்கள். மெடிக்கலும் வருடா வருடம். ஒவ்வொன்றும் பிழைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற பரீட்சை, சுகர் வந்தால் பயம், பிரஷர் வந்தால் பயம். சம்பளம் நல்ல சம்பளம், இல்லை என்று சொன்னால் பொய். 1,500 மணி நேரம் முடித்து சிபிஎல்-லுக்கு அடுத்த லைசென்ஸான ஏடிபிஎல் வாங்கினால் கேப்டன் ஆகும் தகுதி வரும், எப்போது ஆக்குவார்கள் என்பது கம்பெனியின் தேவையைப் பொறுத்தது. 65 வயது வரை ஓட்டலாம்.

இவ்வளவையும் பாப்பாவிடம் படித்துக் காட்டுங்கள்.

திருமங்கலத்துக்காரன்:

காட்டிவிட்டேன் தம்பி. அந்த மீட்டியராலஜி புத்தகம் எது என்று கேட்கிறாள். கிளாஸ் 2-க்கு டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டேன், எதை எல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

வலதுசீட்டு:

புத்தகப் பெயர் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், என்னுடைய பழைய பிரதியே வீட்டில் கிடக்கிறது, தங்கச்சியிடம் வாங்கிக்கொள்ளலாம். ஆதார், பத்தாவது மார்க் ஷீட், கண்ணாடிச் சீட்டு, ஏதாவது ஆபரேஷன் நடந்திருந்தால் அந்தக் காகிதம். காண்டாக்ட் லென்ஸ் போடுகிற பழக்கம் இருந்தால் எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே அதே பவரில் இன்னொரு கண்ணாடி செய்யச் சொல்லிவிடுங்கள், கண்ணாடி போடுகிற பைலட் எப்போதும் மாற்றுக் கண்ணாடி ஒன்று கையில் வைத்திருக்க வேண்டும்.