பாதிப் பாட்டில் குரல் இழுக்கிறது, பெட்டிக்குள் 'தொம்' என்று சத்தம்: சாவி கிராமபோனுக்கு வழி சொல்லுங்கள்

கானாடுகாத்தான் மருமகள்:

எங்கள் வளவு வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு பழைய கிராமபோன் இருக்கிறது. மூடிக்குள் நாய் படம் போட்ட மேசைப் பெட்டி, வெளியே தெரிகிற குழல் கிடையாது. மாமனாருடைய ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன காலத்தில் வாங்கியதாம். அடுத்த மாதம் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் வருகிறார்கள். அன்றைக்கு ஒரு பாட்டாவது முழுசாகக் கேட்க வேண்டும் என்று பெரியவர்களுக்கு ஆசை.

சாவி நன்றாக ஏறுகிறது. முதல் ஒரு நிமிடம் ஒழுங்காகப் பாடுகிறது. அப்புறம் நாடகப் பாடகர் கிட்டப்பா குரல் கட்டையாகி இழுக்க ஆரம்பிக்கிறது. நடுவே பெட்டிக்குள் 'தொம்' என்று ஓர் அடி, தட்டு ஒரு துள்ளு துள்ளிவிட்டு மறுபடி ஓடுகிறது. மேல் ஸ்தாயி வந்தால் கரகரப்பு வேறு. பெட்டிக்குள்ளேயே கிடந்த பழைய ஊசிகளைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறோம்.

ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். ஸ்பிரிங் போய்விட்டது, கரண்டு மோட்டார் வைத்து உள்ளே ப்ளூடூத் ஸ்பீக்கரும் மாட்டித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பழைய பிளேட்காரன், தேவகோட்டை:

கொடுக்காதீர்கள் ஆச்சி. ஸ்பிரிங் அறுந்திருந்தால் பெரும்பாலும் சாவி பிடிமானமே இல்லாமல் சும்மா சுற்றும். உங்களுடையது ஏறுகிறது, ஒரு நிமிடம் ஓடவும் செய்கிறது. நீங்கள் சொல்கிற 'தொம்'தான் நோயைக் காட்டிக்கொடுக்கிறது. ஸ்பிரிங் டிரம்முக்குள் போட்ட கிரீஸ் பல வருடத்தில் காய்ந்து பசையாகிவிடும். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சீராக அவிழாது, திடீரென்று விடும்போதுதான் அந்த அடி. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிராபைட் கலந்த கிரீஸ் போட்டால் போதும்.

ஆனால் டிரம்மை வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். உள்ளே இருப்பது பல அடி நீள எஃகுப் பட்டை, கை தவறினால் விரலைக் கிழித்துவிடும். பெரிய சுவர்க் கடிகாரங்கள் பார்க்கிற ஆள் யாராவது இருந்தால் அவரிடம் கொடுங்கள்.

நீங்களே செய்யக்கூடியது கவர்னர், அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்தின் வேலை. முதலில் தட்டை ஓடவிட்டுச் சாவி முழுக்க இறங்கும்வரை காத்திருங்கள். இதைச் செய்யாமல் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். பிறகு தட்டை இரு கையாலும் நேராக மேலே தூக்கி, பலகையின் ஓரத் திருகுகளைக் கழற்றினால் மோட்டார் மேலே வந்துவிடும். அதில் மூன்று சின்னக் குண்டுகள் மெல்லிய தகடுகளில் தொங்கும். வேகம் ஏறினால் அவை விரிந்து ஒரு வட்டத் தகட்டை இழுக்கும், அந்தத் தகடு ஒரு கம்பளித் துண்டில் உரசி வேகம் கட்டுப்படும். அந்தத் துண்டிலும் தண்டு சுற்றும் இடங்களிலும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசுக்காகிவிடும்.

ஊசி விஷயம் இதைவிட அவசரம். ஒரு பக்கத்துக்கு ஒரு புது ஊசி. அந்தக் காலத்துப் பிளேட் அரக்கும் கல்பொடியும் கலந்து அழுத்தியது. ஊசி முனையைத் தேய்த்து, பிளேட்டில் அது ஓடுகிற கோடான காடிக்குப் பொருந்த வைப்பதே அந்தக் கல்பொடிதான். மூன்று நிமிடப் பாட்டு முடிவதற்குள் முனை மழுங்கிவிடும். அதே ஊசியை மறுபடி வைத்தால் இப்போது பிளேட் தேயும். தேய்ந்த காடியைத் திரும்பக் கொண்டுவர ஆளில்லை.

குழல்பிரியன்:

கரகரப்புக்கு சவுண்ட் பாக்ஸை, அதாவது ஊசி மாட்டுகிற வட்டத் தலையைப் பாருங்கள். உள்ளே அப்பிரகத் தகடோ அலுமினியத் தகடோ இருக்கும். அதன் விளிம்பை இருபுறமும் பிடிக்கும் ரப்பர் வளையம் கல்லாக இறுகிப்போனால் உரத்த இடங்களில் இப்படித்தான் உதறும். வளையத்தை மட்டும் மாற்றினால் போதும், ஆனால் மூடி வரவில்லையென்றால் பலம் போடாதீர்கள். சில சவுண்ட் பாக்ஸ்களின் கூடு துத்தநாகக் கலவை வார்ப்பு, வயதானால் பொருக்கென்று உடையும்.

பளபளவென்று பித்தளைக் குழல் வைத்துப் புதிதாக ஒட்டுப்போட்ட பெட்டிகள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றின் சவுண்ட் பாக்ஸை வாங்கி இதில் மாட்டிவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஊசி டப்பா கண்ணில் பட்டால் திறந்து பார்த்து வாங்குங்கள், துரு இருந்தால் விட்டுவிடுங்கள்.

பள்ளத்தூர் வாசகி:

பிளேட்டில் அழுக்கு இருக்கிறதே என்று ஸ்பிரிட்டோ சானிடைசரோ போட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு கரைந்துவிடும். வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி, லேபிளில் ஈரம் படாமல். முற்றத்து வெயிலில் காயவும் வைக்காதீர்கள், வளைந்துவிடும்.

ஓடியன் கம்பெனி லேபிள் ஒட்டிய பிளேட் ஏதாவது இருக்கிறதா? நம் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்க வருவதற்கு முன்பு அவர் அப்பச்சி (அப்பா) கடையில் பிளேட் வியாபாரம்தான். பிறகு சென்னையில் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி ஓடியன் பிளேட்டுகளைக் கொண்டுவந்தார். நம் பக்கத்து வீடுகளில் அவை இன்னும் கிடக்கும்.

கானாடுகாத்தான் மருமகள்:

ஓடியன் நாலைந்து இருக்கிறது! கடிகாரக்காரர் ஒருவர் ஸ்பிரிங்கைக் கழுவி கிரீஸ் போட்டுக் கொடுத்தார். டிரம்மிலிருந்து கறுப்புக் களிம்பாக வழித்து எடுத்தார். புது ஊசியோடு ஒரு பக்கம் இழுக்காமல் முழுக்கப் பாடியது, கரகரப்பும் பாதியாகிவிட்டது. ஆனால் குரல் இப்போது ரொம்ப மேலே போகிற மாதிரி இருக்கிறது. வேகம் கூடிவிட்டதா அண்ணே? இன்னொன்று, பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் இருந்த எல்.பி.யை, அதான் பிற்காலத்து வினைல் ரெக்கார்டை, இதில் போடலாமா என்கிறார்கள்.

பழைய பிளேட்காரன், தேவகோட்டை:

எல்.பி. போட்டால் அன்றோடு அதன் ஆயுசு முடிந்தது. சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் அழுத்தும், எஃகு ஊசி காடியை உழுதுவிடும். வேகமும் அதற்கு வேறு.

வேகத்துக்கு: லேபிள் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஊசியை இறக்கிப் பாடவிட்டு எண்ணுங்கள். வெறும் தட்டில் எண்ணினால் கணக்குத் தப்பும். அரை நிமிடத்துக்கு 39 சுற்று வரவேண்டும், அதாவது நிமிடத்துக்கு 78. கூடினால் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வேக நெம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். காதை மட்டும் நம்பிக் குறைத்துவிடாதீர்கள், கிட்டப்பா பாடியதே உச்ச சுருதியில்தான்.

கானாடுகாத்தான் மருமகள்:

எண்ணினேன், 39தான். அப்போ நெம்பைத் தொடவில்லை.